என்னோடு சண்டை போட ஆள் இல்லை, மச்சான்

என் அருமை மச்சான் சுப்பராயுடு,

ஏகாம்பரத்தைக் கேட்காமல் சுப்பராயுடு எதையும் செய்யமாட்டான் என்று ஷெட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். பொய். சாவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? சித்திரை வெயிலில் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு உன் ஊர் புத்தலப்பட்டுக்கு பஸ் ஏறினாய். அடுத்த வாரம் வந்துவிடுவாய் என்று இருந்தேன். உன் தம்பிதான் வந்தான், தலையை மொட்டை அடித்துக்கொண்டு.

அதனால் எனக்கு உன்மேல் வருத்தம் உண்டு. அதை ஒளித்துச் சொல்ல எனக்கு வராது. நம் சங்கத்துப் பத்திரிகையில் போடச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

நான் இங்கே எப்படி வந்தேன் என்று உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. நகரிக்குக் கிழக்கே எங்கள் நிலம் மழை இல்லாமல் கிடந்தது. பிழைக்கச் சித்தூருக்கு வந்தேன். பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற இந்த ஷெட்டில் தகரம் தட்டும் டிங்கர் வேலை கிடைத்தது. வயலில் வேலை செய்தவனுக்கு எப்போது உட்காருவது, எப்போது எழுவது என்று யாரும் சொன்னதில்லை. இங்கே சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. நடுவில் நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. டிங்கர் வேலையைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். எழுத்தும் அப்படித்தான், ரிப்பேருக்கு வரும் பஸ்களின் ஊர்ப் பலகைகளைப் பார்த்துக் கூட்டிப் படித்தேன். எனக்கு வாத்தியார் என்று யாரும் இல்லை. இருந்திருந்தாலும் நான் அடங்கியிருக்கமாட்டேன்.

"ஏய் அரவோடா, ஈடிகி ரா!" என்பார் மேஸ்திரி. இங்கே வா என்கிறார்; அரவோடு என்றால் தமிழன் என்றுதான் பொருள். ஆனால் அவர் கூப்பிடும்போது அதில் பொருள் மட்டுமா இருக்கும்? பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை திரும்புவதில்லை என்று நான் முடிவு செய்தேன். அவர் கத்துவார், நான் தகரம் தட்டுவேன். வேலை போய்விடும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் பயந்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

அப்போது எலக்ட்ரிக் பக்கத்திலிருந்து நீ வந்தாய். வாயில் ஒயர், கையில் கட்டிங் பிளேயர்.

"பேர் சொன்னாதான் திரும்புவியா? சரே. நான் பாவான்னு கூப்புடறேன். திரும்பு."

"உங்க அக்காவக் கட்டிக் குடுத்தாதான்டா நான் உனக்குப் பாவா."

"அக்க லேது பாவா. இருந்தாலும் உன்ன மாதிரி மொகத்துக்கு எவன் குடுப்பான்?"

ஷெட்டே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் பாவா. மேஸ்திரிகூட, "பாவா, அந்தத் தகரம் எந்தாக வந்தது, எவ்ளோ ஆச்சி?" என்று கேட்க ஆரம்பித்தார். உறவில்லாத ஊரில் என்னை ஒரே நாளில் எல்லோருக்கும் மாமன் மச்சான் ஆக்கிவிட்டுப் போனாயே, அதை யோசித்துச் செய்தாயா, வாய்க்கு வந்ததைச் சொன்னாயா? இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

நாடகமும் அப்படி வந்ததுதான். ஆயுத பூஜை என்றால் நம் ஷெட்டில் லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், வாசலில் பூசணிக்காய், ஆளுக்குக் கொஞ்சம் பொரி கடலை. அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம். அந்த வருஷம் பூஜைக்காக இடத்தைச் சுத்தம் செய்யும்போது ஒரு முழுத் தகரத்தை நான் தூக்கி நிறுத்தினேன். அது ஆடிக் குமுறியது. நீ கையில் இருந்த விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாய்.

"பாவா, இன்னொரு தபா ஆட்டு! மழ வருது, மழ வருது!"

அன்று சாயங்காலமே பாதி கட்டிய பஸ் ஒன்று மேடை ஆனது. பாட்டரியை வைத்து ஹெட்லைட் போட்டாய். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடியை அதன் முன்னால் பிடித்து அந்தி வெயில் காட்டினாய். ரப்பர் ஹாரன்களை வரிசையாகக் கட்டிப் பெயின்டர்கள் வாத்தியம் வாசித்தார்கள். இடி என்னுடையது. தினமும் கையில் பிடிக்கிற சாமான்தான் எல்லாம். அவற்றுக்குள் இவ்வளவு இருந்தது என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

கதை என்று ஒன்று இருந்ததா? சித்தூரிலிருந்து திருப்பதி போகிற பஸ் புத்தலப்பட்டு தாண்டி மழையில் நின்றுபோகிறது. நான் கண்டக்டர். நீ டிக்கெட் எடுக்காத பயணி. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு வாயில் தமிழ் வந்தது, உனக்குத் தெலுங்கு வந்தது. பார்த்தவர்களுக்கு இரண்டும் தெரியும். அப்புறம் என்ன?

"யோவ், டிக்கெட் எடுய்யா. திருப்பதிக்கு சும்மாவா இட்டுக்கினு போவாங்க?"

"பஸ்ஸு நிலிச்சிந்தி கதா! நிலிச்சின பஸ்ஸுக்கு டிக்கெட்டு எந்துகு?"

"நிக்கறதுக்கு முன்னால ஓடிச்சே, அதுக்குக் குடு!"

நின்ற பஸ்ஸுக்கு டிக்கெட் எதற்கு என்று நீ கேட்ட கேள்விக்கு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகு வருஷா வருஷம் அதே பஸ், அதே சண்டை. பேச்சு மட்டும் வேறு. அரிசி விலை ஏறினால் அதுவும் வரும், மானேஜரின் தொப்பியும் வரும். தீபாவளிக்கு வராத சொந்தக்காரர்கள்கூட ஆயுத பூஜைக்கு நம் ஷெட்டுக்கு வந்தார்கள்.

பிறகு ஆந்திர ராஜ்யம் பிரிந்தது. எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று ஊரெல்லாம் சண்டை. நான் புத்தூரில் தமிழர் கூட்டத்துக்குப் போனேன். இன்று கூப்பிட்டாலும் போவேன். நீ உங்கள் ஆட்களின் கூட்டத்துக்குப் போனாய். ஷெட்டில் ஸ்பானர் கொடுத்தோம், வாங்கினோம். பேச்சு இல்லை. அந்த வருஷத்து நாடகத்தில்தான் அது வெடித்தது.

"டிக்கெட் இல்லாதவன் எறங்குய்யா!" என்றேன். அது கண்டக்டர் குரல் இல்லை. எனக்கே தெரிந்தது.

நீயும் பயணியாகப் பேசவில்லை. "இதி மா ஊரு. பஸ்ஸு மாதி. நுவ்வே திகு!" என்றாய். ஊர் எங்களுடையது, பஸ் எங்களுடையது, நீ இறங்கு.

சிரிப்பு நின்றது. பின்னால் யாரோ விசில் அடித்தான். இன்னொருவன் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். நீ துண்டால் முகத்தைத் துடைத்தாய். மேடையிலிருந்து கீழே குதித்தாய்.

"சரே. நான் எறங்கித் தள்றேன். நீ மேலயே குந்திக்கினு இரு பாவா. பைய மட்டும் உட்டுடாத, சில்லற உருண்டுடப் போவுது!"

சக்கரமே மாட்டாத பஸ்ஸைத் தோள் கொடுத்துத் தள்ளினாய். ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லோரும். விசில் அடித்தவனும் வந்து உன்னோடு தள்ளினான். நான் மட்டும் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீயும் இறங்கியிருக்கலாம் என்று இன்றும் என்னைச் சொல்கிறார்கள். கண்டக்டர் பஸ்ஸை விட்டுவிட்டு எப்படி இறங்குவான்? அன்று செய்தது சரி. எத்தனை தடவை கேட்டாலும் இதுதான் பதில்.

கடைசியில் எல்லைத் தீர்ப்பு வந்தது. என் தங்கையைக் கொடுத்த பள்ளிப்பட்டுப் பக்கம் சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. என் ஊர் இங்கேயே நின்றுவிட்டது. யாரைக் கேட்டுச் செய்தார்கள்? அந்த வருத்தம் எனக்குத் தீராது, நீ இருந்தபோதும் தீரவில்லை. கம்பெனி திருத்தணியில் ஒரு ஷெட் போட்டு, விருப்பமுள்ள தமிழர்கள் போகலாம் என்றது. முதல் ஆளாக நான்தான் போவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும் சாமான் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

நீ தடுக்கவில்லை. பெட்டியைப் பார்த்தாய். "போ பாவா. அங்க உங்க ஆளுங்க. பேசினா சிரிப்பாங்க. ஆனா யாரு எதுத்துப் பேசுவா உன்ன?" என்று கேட்டுவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாய்.

நான் பெட்டியை அவிழ்த்தேன். உனக்காக இல்லை, திருத்தணித் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று எல்லோரிடமும் சொன்னேன். நீ நம்பினாயா?

இப்போதைய சேதி சொல்கிறேன். ஆயுத பூஜை வருகிறது. பெஜவாடா பக்கத்திலிருந்து புது மானேஜர் வந்திருக்கிறார். கெட்டவர் இல்லை; கக்கூஸுக்குக் கதவு போட்டுக் கொடுத்தவர். என்னை அறைக்குக் கூப்பிட்டுத் தெலுங்கில்தான் பேசினார். "ராஜ்யமே தீர்மானம் ஆயிடுச்சி ஏகாம்பரம். நாடகத்தத் தெலுங்குலயே போட்டுடுங்க. இல்லேன்னா ஒரு ரிகார்டு செட்டு வாடகைக்கு எடுத்துடலாம், உங்களுக்கும் சிரமம் வேண்டாம்" என்றார். முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. வெளியே வந்தால் நம் ஆட்களே ரிகார்டு போதும் என்கிறார்கள். சுப்பராயுடு இல்லாமல் யார் சண்டை போடுவது என்கிறார்கள்.

அவர்கள் சொன்னது தப்பு என்று காட்டப் புறப்பட்டேன். வெதுருகுப்பத்துக் கோவிந்துவை உனக்குத் தெரியும், உன் பக்கத்து பெஞ்சில் டைனமோ கட்டுகிறவன், ரெண்டு பெண் குழந்தைக்குத் தகப்பன். தெலுங்கு வீட்டுக்காரன். அவனைப் பயணியாக உட்காரவைத்து, "டிக்கெட் எடுய்யா!" என்று அதட்டினேன்.

"சரேநண்டி" என்று எடுத்துவிட்டான்.

"எடுக்கக் கூடாதுடா! சண்ட போடு!"

"நீங்க பெரியவங்க. எப்படி?"

இன்னும் சிலரைப் பார்த்தேன். எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள், மச்சான். நான் கத்தினால் தலை குனிகிறார்கள். எனக்கு வயதாகிவிட்டதாம், மரியாதையாம். வீட்டுக்குப் போனேன். உன் கருமாதியில் வராத அழுகை அன்றுதான் வந்தது. ஒரு ஆளை எதிர்த்துப் பேச அவனை எவ்வளவு சொந்தமாக நினைத்திருக்க வேண்டும்?

மறுநாள் கண்டக்டர் பையைக் கழற்றிக் கோவிந்துவின் தோளில் மாட்டினேன். "நீ கண்டக்டர். தமிழ்ல கேளு. நான் பயணி, தெலுங்குல பேசறேன்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கடைத்தெருவில் பேசினாலும் மேடையில் ஒரு தெலுங்கு வார்த்தை பேசாதவன் நான் என்று எல்லோருக்கும் தெரியும்.

முதலில் அவன் முணுமுணுத்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, நீ செய்வாயே, அந்தக் கொட்டாவி விட்டேன். இரண்டாம் தடவை கேட்டான். காது குடைந்தேன். மூன்றாம் தடவை பை கொடுத்த தைரியமோ என்னவோ, அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"யோவ் பெர்சு! இன்னா, உங்க நைனா வூட்டு பஸ்ஸா இது? டிக்கெட் எடு, இல்ல எறங்கு!"

பெயின்டர்கள் பிரஷ்ஷைக் கீழே போட்டார்கள். கோவிந்துவே தன் வாயைப் பொத்திக்கொண்டான். என் நெஞ்சு நிறைந்தது, மச்சான். "நிலிச்சின பஸ்ஸுக்கு டிக்கெட்டு எந்துகுரா?" என்று நான் திருப்பிக் கொடுத்தேன். அவன் விடவில்லை. சங்கு ஊதியும் நாங்கள் நிறுத்தவில்லை.

வாசலில் மானேஜர் நின்றிருந்தார். "மறுபடியும் ரெண்டு பாஷையா?" என்றார்.

"தெலுங்கு பேசறவன் நாந்தான் சார். தமிழ் பேசறது உங்க ஆளு. யார நிறுத்தச் சொல்றீங்க?"

அவர் என்னைப் பார்த்தார், கோவிந்துவைப் பார்த்தார், தன் அறைக்குத் திரும்பிப் போனார். ரிகார்டுக்காரனை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பியதாக மறுநாள் காவல்காரன் சொன்னான்.

ஆகவே மச்சான், வாக்குக் கொடுக்கிறேன். ஆயுத பூஜையன்று உன் சீட்டில் நான் உட்காருவேன். உன் தெலுங்கைத் தப்பும் தவறுமாகத்தான் பேசுவேன். புத்தலப்பட்டிலிருந்து உன் தம்பி குடும்பத்தோடு வருகிறான், சிரிக்கத்தான் போகிறான். சிரிக்கட்டும். கோவிந்து தொண்டை கிழியக் கத்தட்டும், மானேஜரே மேடை ஏறி வந்து கேட்கட்டும். டிக்கெட்டு தீசுகோனு. வாங்கவே மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் இறங்காத உன் பாவா,
ஏகாம்பரம்