பிரேக்கை உதைத்த இடதுகால்

இணையர் அறிவழகனுக்கு,

உங்கள் தாயாரை அழைத்துவர மோகனூருக்குக் காரில் போக வேண்டாம், பேருந்தில் செல்லுங்கள். முன்சக்கரங்களின் பிரேக் டிஸ்க் இரண்டும் தேய்ந்துவிட்டன. புதியவை நாளை வரும். சாவியை நானே எடுத்துச் செல்கிறேன்.

பதினான்கே மாத வண்டி ஏன் தேய்ந்தது என்று நேற்று வழக்காடினோம். "டயருக்கடியில எலுமிச்சம்பழம் வெக்க உட்டியா நீ?" என்றீர்கள். பழத்துக்கும் பிரேக்குக்கும் உறவே இல்லை, நீங்கள் ஓட்டும் இலட்சணமே காரணம் என்று முக்கால் மணிநேரம் முழங்கினேன்.

இன்று காலை மெக்கானிக் குமரன் அருகில் அமர்ந்து, அஸ்தம்பட்டி வீதியில் என்னை மெதுவாக ஓட்டச் சொன்னார். வழக்கம்போல், கூட்டத்துக்கான உரையை ஒத்திகை பார்த்தபடியே ஓட்டினேன்.

"ஏனுங்கக்கா, 'தோழர்களே'ன்னு சொல்றப்பல்லாம் பிரேக்க மிதிக்கறீங்களே?" என்றார்.

கிளட்ச் இல்லாத வண்டியில் வேலையிழந்த என் இடதுகால், முழங்கும்போதெல்லாம் மேடையை உதைக்கும் பழக்கத்தில் பிரேக்கை உதைத்து வந்திருக்கிறது. குற்றம் என்னுடையது. நேற்றைய உரையில் உங்கள் ஓட்டுதலைப் பழித்த பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். எலுமிச்சம்பழத்தைப் பழித்த பகுதி அப்படியே நிற்கும்.

சோறும் தட்டைப்பயிற்றுக் குழம்பும் ஹாட்பாக்ஸில் இருக்கின்றன.

நிலா

பின்குறிப்பு: அத்தையிடம் உண்மையை நானே சொல்வேன். அதற்குள் பேருந்திலேயே பழத்துக்கு வெற்றி என்று அறிவித்துவிடாதீர்கள்.

இன்னொன்று: ஞாயிறன்று திருச்செங்கோட்டுக் கூட்டத்துக்கு நீங்களே ஓட்டுங்கள். நான் பக்கத்து இருக்கையில் பேசிக்கொண்டு வருகிறேன். அங்கே என் கால் உதைப்பதற்கு கால்மிதி விரிப்பு மட்டுமே இருக்கிறது.