எனக்குப் பிறகு குடித்தவள்

பிரியமானவளே,

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, சோறு வடித்துச் சாப்பிட்டும் ஆயிற்று. விரல்களில் திராட்சை வாசம் மட்டும் இன்னும் போகவில்லை. நேற்றுப் பிசைந்த பன்னீர் திராட்சையின் ஊதா, என் கையில் வெள்ளை படர்ந்த இடங்களில்தான் அழுத்தமாகப் பிடித்திருக்கிறது. மற்ற இடத்தில் தெரியவே இல்லை. நீ பார்த்திருந்தால், "பரவால்லடி, ஒனக்கும் மருதாணி புடிச்சிருச்சு" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்திருப்பாய்.

உன்னை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் திருவிருந்து இன்று. இத்தனை வருடம் திருவிருந்துப் பாத்திரத்துக்கு நீ காய்ச்சிக் கொடுத்த திராட்சை ரசத்தை இந்த முறை நான் காய்ச்சினேன்.

செல்லூரில் உன் வளையல் கடைக்கு நான் முதன்முதலாக வந்ததை நீ அடிக்கடி நடித்துக் காட்டுவாய். முழுக்கை ரவிக்கை, கையைச் சுற்றி முந்தானை. "அளவு சொல்றேன், எடுத்துக் குடுங்க, வீட்ல போய்ப் போட்டுக்கிறேன்" என்றேன். "வளையல் கடைக்கு வந்துட்டுக் கையக் காட்ட மாட்டேன்னா எப்படி? இங்க கொண்டா" என்று இழுத்தாய். விரல்களையும் உதட்டோரத்தையும் பார்த்தாய். ஊரில் இதற்கு வெண்குஷ்டம் என்று பெயர். ஒட்டாது என்று டாக்டர் எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பெயர் முந்திக்கொண்டு போய்விடும். என் ஜெராக்ஸ் கடையில் தாளை வாங்கும்போதுகூட என் விரல் படாத ஓரமாகப் பார்த்துப் பிடிப்பார்கள். நீயோ சோப்பு நுரையைத் தடவி, எலும்பை அமுக்கி, வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாய். "கெட்டி எலும்பு. ரெண்டு ஆறு அளவுக்குக் கொறஞ்சு வாங்கிராத" என்றதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. நான் வீட்டுக்குப் போய் அழுதேன். சந்தோஷ அழுகைதான்.

நீயும் என் சபைதான் என்று பிறகுதான் தெரிந்தது. நம் சபையில் திருவிருந்துக்கு இன்றும் எல்லாருக்கும் ஒரே பாத்திரம். பீடத்துக்கு முன்னால் இருக்கும் கம்பியருகே வரிசையாக முழங்கால் போடுவோம். போதகர் ஒருவர் உதட்டில் வைத்து, துணியால் துடைத்து, அடுத்தவருக்குக் கொடுப்பார். ஒரு முறை பாத்திரம் என்னிடம் வந்ததும், எனக்கு அடுத்து இருந்த ஞானம் அக்கா எழுந்து போய் மறுகோடியில் முழங்கால் போட்டார். அதன்பின் நான் எப்போதும் எல்லாரும் குடித்து முடித்த பிறகு, கடைசி ஆளாகத்தான் போனேன். மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று எனக்கு நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். சுகமளிக்கும் கூட்டங்களுக்கும் போனேன். தலையில் கை வைத்து ஜெபித்தவர்கள், வெள்ளை மறையவில்லை என்றதும் என் விசுவாசம் பத்தாது என்றார்கள்.

இதையெல்லாம் நீ கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போய்வந்த பின்னும் நீ பெஞ்சை விட்டு எழவில்லை. நான் போய் முழங்கால் போட்டதும், பின்னாலேயே வந்து என் வலப்பக்கம் இடித்துக்கொண்டு நீயும் முழங்கால் போட்டாய். நான் குடித்தேன். அதே பாத்திரத்தில் எனக்குப் பிறகு நீ குடித்தாய். வெளியே வந்ததும் உன்னிடம் சண்டைக்கு நின்றேன்.

"தாழ்மையா ஒதுங்கி நிக்கிறேன், அது ஒனக்குப் பொறுக்கலையா?"

"அது தாழ்மை இல்லடி, வெக்கம். அதுக்கு வெள்ளச் சேல கட்டிக் கோயிலுக்குக் கூட்டிட்டு வந்துருக்க." கொஞ்ச தூரம் நடந்த பிறகு மெதுவாகச் சொன்னாய். "வேதத்துல வர்ற அந்தக் குஷ்டரோகிய ஆண்டவர் சொகமாக்கிட்டா தொட்டாரு? மொதல்ல தொட்டாரு. ஊரே ஒதுங்குன ஒடம்ப அப்படியே தொட்டாரு. நீ என்னடான்னா, தோலு மாறட்டும், அப்புறம் கிட்டப் போறேன்னு நிக்கிற."

அந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். தொட்டது முதலில் என்பது அன்றுவரை என் மண்டையில் ஏறவில்லை. என்னை நேசிக்கிறவர் என் தோலைப் பார்க்காமல் ஏமாந்து நேசிக்கவில்லை, பார்த்துக்கொண்டேதான் நேசிக்கிறார் என்பது அன்று புரிந்தது. வெள்ளை மறையவில்லை, இன்னும் கழுத்துவரை ஏறிவிட்டது. முழுக்கை ரவிக்கைதான் மெல்ல மெல்லப் போனது. நீ மாதா மாதம் எனக்குப் பிறகு குடித்தாய்.

புற்றுநோய் மருந்தில் உனக்கு முடி கொட்டியபோதும் நீ தலையை மூடவில்லை. சபையிலிருந்து ஆட்கள் பார்க்க வந்த அன்று மட்டும் துண்டைத் தேடித் தவித்தாய். நான் உன் மொட்டைத் தலையில் என் உள்ளங்கையை வைத்தேன். "எம்பாடத்த எனக்கே நடத்துறியாக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாய். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "இனிமே ரசம் நீதான் காச்சணும். போதகர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாய். என் கையால் செய்தால் யார் குடிப்பார்கள் என்றேன். "குடிக்க வேண்டியவங்க குடிப்பாங்க. ஆளாளுக்கு நீயே தீர்ப்பு எழுதாத" என்றாய்.

நேற்று என்ன செய்தேன் தெரியுமா? மெடிக்கலில் கையுறை வாங்கி வந்தேன். திட்டாதே. திராட்சையை வேகவைத்து, சர்க்கரையும் கிராம்பும் போட்டு ஆறவைத்து, கையுறையோடுதான் பிசைய ஆரம்பித்தேன். விதை கைக்குத் தட்டுப்படவே இல்லை. கழற்றிப் போட்டேன். கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, வெறும் கையால் பிசைந்து, உன் வெள்ளைத் துணியில் வடிகட்டினேன்.

யார் காய்ச்சியது என்று சபைக்கே தெரியும். இன்று நான் கடைசிவரை காத்திருக்கவில்லை, முதல் வரிசையிலேயே போய் முழங்கால் போட்டேன். வலப்பக்கம் உன் இடம் காலி. அதைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. யாரோ முட்டி வலியில் முனகிக்கொண்டே அங்கே முழங்கால் போட்டார்கள். பாத்திரம் எனக்கு வந்தது, பிறகு பக்கத்துக்குப் போனது. அப்போதுதான் பார்த்தேன். ஞானம் அக்கா. கண்ணை மூடிக் குடித்தார்.

வெளியே செருப்புப் போடும்போது என்னைக் கூப்பிட்டார்.

"இந்தாத்தா, கிராம்பு கொஞ்சம் தூக்கல். அடுத்த மாசம் பாத்துப் போடு. அவ அளவாப் போடுவா."

"சரிக்கா" என்றேன். வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன், அழவும் அழுதேன். என் கையை ஆண்டவர் பார்க்கிற மாதிரி பார்க்க எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். இனி என் கை பிசைந்த ரசத்தில் கிராம்பு கூடியதுதான் குறை. அடுத்த மாதம் ஒன்றிரண்டு குறைத்துப் போடுகிறேன்.