சுவரில் ஒட்டாத வெள்ளணுக்கள்

நவ. 4, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. தறியில் புதுப் பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், ஏற்ற வேண்டும். பழைய பாவின் இழை நுனி ஒவ்வொன்றோடும் புது இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்கும் வேலை எனக்கு. வலது கட்டைவிரலில் அரிவாள்மனைக் கீறல். கணவரிடம் சொன்னேன். அவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்தார்.

"வெள்ளணு எக்கச்சக்கமா இருக்குதுன்னு போட்டுக்குது. பட்டாளத்தையே வச்சிக்கினு கீறலுக்குப் பயப்படுறியேமா."

மாமியார் சிரித்தார். நானும்.

வாங்க: பால், ஸ்டீராய்டு மாத்திரை (தீரப் போகிறது).

நவ. 5, செவ்வாய்
விரல் கனக்கிறது. சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. அதுதான் பயம்.

கல்லூரியில் படித்தது. வெள்ளணுக்கள் ரத்தக்குழாயின் உட்சுவரில் உருண்டு, மெதுவாகி, ஒட்டி நின்று, நெளிந்து வெளியேறிப் புண்ணுக்குப் போகும். சிறுநீரகத்துக்காக நான் விழுங்கும் ஸ்டீராய்டு அந்தப் பிடியைத் தளர்த்தும். சுவரில் ஒட்டியிருந்தவையும் கழன்று மிதக்கும். எண்ணினால் அதிகம். போய்ச் சேர்பவை குறைவு.

"சீழே கட்டல, இதப் போய் புண்ணுன்ற."

"கட்டலன்றதுதான் அத்தை, பயம்."

"படிச்சவ பேச்சப் பாரு!"

இந்த வீட்டில் தொடங்கிய கைதான் முடிக்க வேண்டும். நடுவில் கை மாறினால் முறுக்கு மாறும், நெய்யும்போது இழை அறும். அதுவும் பொய்யில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. மடியில் பாவு.

நவ. 6, புதன்
மழை. விரலிலிருந்து மணிக்கட்டைத் தாண்டிச் சிவப்புக் கோடு. நோய் மேலே ஏறுகிறது.

"இன்னும் கொஞ்சந்தான்மா. முடிச்சிட்டு டாக்டர்கிட்ட போலாம்" என்றார் அவர்.

சரி என்று உட்கார்ந்தேன். விரலுக்கு இழை தெரியவில்லை. முறுக்கியதை இழுத்துப் பார்த்தேன். கழன்று வந்தது. இன்னொன்று. அதுவும். எழுந்துவிட்டேன். குடை, பை, ஆட்டோ. அவர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

நவ. 8, வெள்ளி
ஆஸ்பத்திரி. இடது கையால் எழுதுவது. கோணல். கீறிச் சுத்தம் செய்தார்கள். விரல் தப்பியது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் முடியாதாம்.

டாக்டர் அவரிடம், "நம்பர மட்டும் பாத்தா எப்படி சார்? அதுங்க புண்ணுகிட்ட போகணுமில்ல?"

அவர் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மாமியார் போனில். "பாவ யாரையும் தொட உடலமா. அப்படியே மூடி வச்சிக்கிறேன். கை நல்லா ஆறட்டும், நீயே வந்து முடிச்சிடு."

அன்பாகத்தான் சொன்னார்.