ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு கிலோ

ஜூன் 14, சனி

போன வருடம், காரில் மாட்டி இழுத்துப் போகும் எங்கள் கேரவன் வீட்டில் அறுபது கிலோ அதிகம் என்று நெடுஞ்சாலையில் அபராதம் போட்டார்கள். அதைப் பக்கத்து வீட்டு மார்ட்டன் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தான். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். இந்த வருடம் விடுவதாக இல்லை. கேரவனின் அனுமதி எடையை 1,300இலிருந்து 1,400ஆக உயர்த்திப் புதுத் தாள் வாங்கிவிட்டேன். சமையலறைத் தராசும் தயார்.

ஜூன் 21

உருளைக்கிழங்கை இருபது கிலோவிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தேன். விடுமுறைக்குப் போகும் பிரான்ஸில் உருளைக்கிழங்கு கிடைக்காமல் இல்லை. ஆனால் அது பிரான்ஸ் உருளைக்கிழங்கு. காபிப் பொடியில் கைவைக்கவில்லை, நான் ஒன்றும் அரக்கன் இல்லை. என் மனைவி ஹிஸ்கேயின் புத்தகங்களில் ஆறை வெளியே எடுத்து வைத்தேன்.

“படிச்ச பக்கத்தையெல்லாம் கிழிச்சுப் போட்டுக்கிட்டே வரட்டுமா, டௌவே?” என்றாள்.

நல்ல யோசனைதான்.

ஜூன் 27

ஹிஸ்கே பேசவில்லை. டூத்பிரஷ் காம்பைப் பாதியாக அறுத்தது அவ்வளவு பெரிய குற்றமா?

ஜூலை 3

கேரவனை மணல் கிடங்கின் எடைமேடையில் ஏற்றினேன். 1,290. பழைய அனுமதிக்கே பத்து கிலோ கீழே. சீட்டை மார்ட்டனிடம் காட்டினேன்.

“ஃபிரேம் போட்டு மாட்டிக்க” என்றான். வயிற்றெரிச்சல்.

ஜூலை 5

எல்லை ஊரான மாஸ்ட்ரிக்டைத் தாண்டுவதற்குள் நிறுத்தினார்கள். கேட்பதற்கு முன்பே எடைச்சீட்டை நீட்டினேன். போலீஸ்காரம்மா சக்கரங்களுக்கு அடியில் தராசு வைத்துப் பார்த்தார்.

“ரொம்பக் கச்சிதமா ஏத்தியிருக்கீங்க சார்.”

அதோடு விட்டிருக்கலாம். என் லைசென்ஸையும் இரண்டு வண்டித் தாள்களையும் வாங்கிக்கொண்டார்.

“கார் 2,150 வரைக்கும் இருக்கலாம். கேரவன் 1,400. கூட்டினா 3,550. உங்க சாதா லைசென்ஸுக்கு 3,500தான்.”

“அவ்வளவு எடை இதுல இல்லையேம்மா.”

“இருக்கிற எடை இல்ல சார். இருக்கலாம்னு தாள்ல போட்டிருக்கிற எடை. காலியா இழுத்தாலும் தப்புதான். பழைய தாளோட வந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.”

நானே அலைந்து திரிந்து வாங்கிய தாள். வாத்தியாருக்கு நடுரோட்டில் கூட்டல் பாடம் — அதுவும் சரியான கூட்டல். எனக்குக் காது சுட்டது. கேரவன் அங்கேயே நிற்க வேண்டும், விடுமுறை அவ்வளவுதான் — இழுவை லைசென்ஸ் உள்ளவர் யாராவது ஓட்டினால் ஒழிய.

ஹிஸ்கே கைப்பையைத் திறந்து ஓர் இழுவை லைசென்ஸை எடுத்து நீட்டினாள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியதாம், அவள் அப்பாவின் குதிரைகளை வண்டியில் இழுத்துப் போக.

“ஏன் சொல்லல?”

“நீ எங்க கேட்ட? முதல் வருஷமே சாவியை எடுத்துக்கிட்டு உக்காந்துட்ட.”

ஜூலை 6

கூடார முகாமில் கேரவனை ஒரே தடவையில் பின்னால் எடுத்து நிறுத்தினாள். பக்கத்துக் கூடாரத்தில் கைதட்டினார்கள். எனக்கு எப்போதும் பத்துத் தடவையாவது ஆகும். நிலம் சரிவு என்று சொல்லி வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 2

மார்ட்டன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தான். “அடுத்த வருஷம் நார்வேயாமே? ஹிஸ்கே சொன்னாங்க.”

“ஆமா, முடிவு பண்ணிட்டோம்” என்றேன்.

உள்ளே வந்து ஹிஸ்கேயிடம் கேட்டேன், எந்த மாதம் கிளம்புகிறோம் என்று.