நெடுந்தீவில் நிழல் விழாத நாள்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. வாடகை அறை ஜன்னலின் கொளுக்கி கழன்று விடியும்வரை அடித்துக்கொண்டிருந்தது. பழைய சால்வைத் துண்டால் கட்டினேன். நல்லூர்த் திருவிழா முடிந்து தெருவெல்லாம் கடலைத் தோலும் மணலும்.

கொண்டுபோக: ஒரு மீற்றர் இரும்புக் கம்பி. ஈயக்குண்டு கட்டிய நூல், கம்பி நேரே நிற்கிறதா என்று பார்க்க. வெள்ளைக் காட்போட். அடிமட்டம். சூரியனைப் பார்க்கும் கண்ணாடிகள். தொப்பி. சத்திக் குளிசை, கடலில் வாந்தி வராமல் இருக்க.

ஒழுங்காக எழுதி வைக்கிறேன், பிறகு அறிக்கைக்கு உதவும். வருகிற வியாழன் நடுப்பகலில் சூரியன் நெடுந்தீவுக்கு நேர் மேலே வரும். நேரே நட்ட கம்பிக்கு நிழல் இருக்காது. எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வானியல் கழகம் அதை அங்கே பார்க்கும். அதே நாள் தெற்கே மாத்தறையில் இன்னொரு பல்கலைக்கழக மாணவர்கள் அதே நீளக் கம்பியை நட்டு, விழுகிற நிழலை அளப்பார்கள். இரண்டையும் வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிடுவது. சரிவந்தால் கொழும்பில் மாணவர் மாநாட்டில் பேசலாம். கழகத் தலைவர் கபிலனுக்கு இப்போதே கோட் தைக்கக் கொடுக்கிற யோசனை.

நெடுந்தீவு என்று முடிவெடுத்ததும் அவன்தான். "உம்மடை ஊர்தானே. பள்ளிக்கூடத்திலை கதைக்கலாம், தங்க இடமும் இருக்கு." ஓம் என்றேன். இரண்டு வருடமாக நான் ஊருக்குப் போகவில்லை என்று சொல்லவில்லை. கழகச் செயலாளர் தன் ஊருக்குப் போகப் பயப்படுகிறாள் என்று எப்படிச் சொல்வது.

பள்ளிக்கூடத்தில் பொறுப்பெடுத்திருப்பது கணித ரீச்சர். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எனக்குப் படிப்பித்தவர். பௌதிகம் படி என்று என்னை இந்தப் பக்கம் தள்ளிவிட்டவர். அம்மா செத்து ஒன்றரை வருடத்தில் அப்பா அவரைத்தான் கலியாணம் செய்தார். எல்லோரும் எனக்கு அம்மா இல்லாமல் போனதைப் பற்றியே கதைத்தார்கள். ரீச்சரும் இல்லாமல் போனதை ஒருவரும் கதைக்கவில்லை.

தொலைபேசியில் பள்ளிக்கூட விசயம் மட்டும். "மைதானம் எடுத்துத் தாறன். பத்தாம் வகுப்புப் பிள்ளையள் வருவினம்." சரி ரீச்சர். நன்றி ரீச்சர்.


ஆகஸ்ட் 25, திங்கள்

கூட்டம். நான் நாளைக்கே போய் இடம் பார்க்க வேண்டும். மற்ற எட்டுப் பேரும் தொலைநோக்கியோடு புதன் பகல் படகில்.

கபிலன்: "கம்பி ஆடக்கூடாது. காத்துக்கு ஏதும் மறைப்புக் கட்டும்." 
நான்: "காத்துக்கு மறைப்புக் கட்டினா வெயிலுக்கும் மறைப்பு." 
சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருக்க முடியவில்லை. பரமேஸ்வராச் சந்திக்கு இரண்டு தரம் நடந்தேன், ஒரு வேலையும் இல்லாமல். முதல்தரம் வாழைப்பழம் வாங்கினேன். இரண்டாம்தரம் ஒன்றும் வாங்கவில்லை. படிக்க எடுத்த நோட்ஸ் அதே பக்கத்தில். ரீச்சருக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டுமா? வெறுங்கையோடு போனால் கோபம் மாதிரி. வாங்கிப் போனால் கோபம் இல்லாத மாதிரி. வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டேன்.


ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலை பஸ். பண்ணைப் பாலத்தில் காற்று கம்பியைப் பிடுங்கப் பார்த்தது. நடத்துநர்: "என்ன தங்கச்சி, மீன் குத்தப் போறீரோ?" சூரியனை அளக்க என்றேன். ரிக்கற்றைக் கிழித்துத் தந்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

குறிகட்டுவானில் படகு போகுமா போகாதா என்று ஒரு மணித்தியாலம். போனது. அலை மேலே ஏறி அடித்தது. குளிசை போட்டும் சத்தி. பக்கத்தில் இருந்த அக்கா பையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணை மூடாதையும், தூரத்தைப் பாரும்" என்றா.

இறங்குதுறையில் அப்பா, பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினோடு. கடைகளுக்கு வந்த கோதுமை மா மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். இளைத்திருக்கிறார்.

"வந்திட்டியோ?" 
"ஓம்." 
"மேலை ஏறு. மூட்டையிலை இரு."

மூட்டையில் இருந்தேன். வழி முழுக்க எஞ்சின் சத்தம், கதைக்க வேண்டிய தேவை இல்லை. அதுவும் நல்லதுதான். கல்வேலிகள் அப்படியே. 

வீட்டில் ரீச்சர் குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

வயிறு.

ஏழாம் மாதமாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அப்பா லாண்ட்மாஸ்ரரைத் திருப்பிக்கொண்டு மூட்டை இறக்கப் போய்விட்டார். அவருக்கு வசதி.

"முகம் கழுவும். தேத்தண்ணி போடுறன்" என்றார் ரீச்சர். கழுவினேன். உப்புத் தண்ணீர். திரும்பத் திரும்பக் கழுவினேன்.

எனக்கு இருபத்துமூன்று வயது. எனக்குத் தம்பியோ தங்கச்சியோ பிறக்கப்போகிறது. இதை எழுதிப் பார்த்தால் சிரிப்பு வருமோ என்று எழுதினேன். வரவில்லை.


ஆகஸ்ட் 27, புதன்

காற்று கூடிவிட்டது. பகல் படகு இல்லை. பின்னேரப் படகும் இல்லை. கபிலன் அந்தக் கரையிலிருந்து போன் எடுத்தான், கழகம் முழுக்கக் குறிகட்டுவானில் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறார்களாம். பிறகு திரும்பிப் போய்விட்டார்கள், தொலைநோக்கியும் போய்விட்டது. 

"இனி எல்லாம் உம்மடை கையிலைதான். விட்டிடாதையும்."

வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்கு நடந்தேன். அம்மாவின் அலுமாரி நின்ற இடத்திலேயே நிற்கிறது. திறந்து பார்க்கவில்லை.

பின்னேரம் பள்ளிக்கூட மைதானம். ரீச்சரும் வந்தார், வேண்டாம் என்றும் கேட்கவில்லை. ஒரு கதிரையைப் போட்டு இருந்து நூலைப் பிடித்தார். நான் கம்பியை நட்டேன். காற்றுக்கு ஈயக்குண்டு சுழன்றது. அதை ஒரு வாளித் தண்ணீருக்குள் விடச் சொன்னார். ஆட்டம் குறைந்தது.

கம்பியைப் பிடித்தபடியே கேட்டேன். "அப்பா ஏன் எனக்குச் சொல்லேல்லை?" 
"நான்தான் சொல்ல வேண்டாம் எண்டனான். சொன்னா நீர் வரமாட்டீர்." 
"ஓம். வந்திருக்க மாட்டன்." 
"தெரியும்." ஒரு கண்ணை மூடி நூலைப் பார்த்தார். "இடப்பக்கம் கொஞ்சம் சரிக்க வேணும். இன்னும். காணும்."

கம்பி நேரே நிற்கிறது. நாளை 12.12க்குச் சூரியன் நேர் மேலே.

இரவு சோறும் கணவாய்க் கறியும். நான் கணவாய் விரும்பிச் சாப்பிடுவேன் என்று ஆர் சொன்னது? கேட்கவில்லை. இரண்டாம்தரமும் போட்டுச் சாப்பிட்டேன். அதற்கும் என்மேல் எனக்குக் கோபம்.


ஆகஸ்ட் 28, வியாழன்

ஆஸ்பத்திரி விறாந்தையிலிருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணம். 

காலை நல்ல வெயில், முகில் இல்லை. பிள்ளைகள் பத்து மணிக்கே மைதானத்தைச் சுற்றி. கண்ணாடிகளைக் கொடுத்து எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ரீச்சர் மலசலகூட வாசலில் நின்று கூப்பிட்டார். சத்தமாகக்கூட இல்லை.

"கொஞ்சம் வாரும்."

சேலையில் இரத்தம்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். ஊர் ஆஸ்பத்திரி டொக்டர் சின்ன வயதுக்காரர். நச்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, இங்கே வைத்திருக்க ஏலாது, உடனே கொண்டுபோக வேணும் என்றார். நேவிப் படகு கேட்டார். கூடப் போக ஒரு ஆளுக்குத்தான் இடம்.

அப்பா இறங்குதுறைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவை ஏற்றிய நாளிலும் இப்படித்தான் நின்றார். அன்றைக்கும் படகு கிடைத்தது. நேரம்தான் கிடைக்கவில்லை.

"நீ போ பிள்ளை. என்னாலை ஏலாது." 
"எனக்கும்தான் ஏலாது அப்பா." 
"எண்டாலும் நீ போ."

ஏறினேன். ஏறுகிற நேரத்திலும் கம்பியை நினைத்தேன். ஒருவரும் பார்க்காத இடத்தில் பொய் எழுதி என்ன பயன். நினைத்தேன். பள்ளிக்கூட அதிபருக்குப் போன் எடுத்துப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்றும் நினைத்தேன். கையில் ரீச்சரின் கை இருந்தது, இறுக்கிப் பிடித்திருந்தார். போனை எடுக்கவில்லை.

கடல் நேற்றைப்போலவே. படுக்கையைப் படகோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பேச வைத்துக்கொண்டிருக்கச் சொல்லியிருந்தார் டொக்டர். கடைசியில் பேசத் தொடங்கியது ரீச்சர்தான்.

"மணி என்ன?" 
"பன்னிரண்டு தாண்டிட்டுது." 
"அப்ப இப்பதான்."

எட்டிப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு நேவிக்காரர் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே நின்றார். அவருடைய நிழல் சப்பாத்துக்குக் கீழே. படகு ஏறினால் ஒரு பக்கம் கொஞ்சம் வெளியே வந்தது, இறங்கினால் உள்ளே போனது.

"நிழல் இல்லை ரீச்சர்." 
"வடிவாப் பார்த்தனீரே?" 
"பார்த்தனான்."

தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து காதுப்பக்கம் தண்ணீர். துடைத்துவிட்டேன், தோளில் கிடந்த என் சோலால்.

குறிகட்டுவானில் அம்புலன்ஸ் நின்றது. புங்குடுதீவு, வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவு. இவ்வளவு நீளமா இந்த வழி.

வார்ட்டில் நேர்ஸ் என்னைப் பார்த்து, "நீர் இவவுக்கு ஆர்?" 
நான் வாயைத் திறக்க முன் ரீச்சர், படுத்தபடியே: "என்னட்டைப் படிச்ச பிள்ளை."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. உண்மைதான், அப்படித்தான் இருந்தது. பிறகு அந்த அப்பாடாவுக்காக இருக்க முடியவில்லை. விறாந்தையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும். காவலாளி: "தங்கச்சி, ஒரு இடத்திலை இரும், தலை சுத்துது." அவருக்கு.

பிள்ளையின் இதயத்துடிப்பு நல்லது. இரத்தம் போவது நின்றுவிட்டது. அப்பாவுக்குப் போனில் சொன்னேன். அவர் ஓம் ஓம் என்று மட்டும்.


ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்றிலிருந்து அதே சட்டை. அறைக்கு ஓடிப்போய்க் குளித்துவிட்டு வந்தேன். பாண், சம்பல். 

நேற்று மைதானத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பொறுப்பான ஆள் இல்லாமல் பிள்ளைகளை வெயிலில் விட ஏலாது என்று அதிபர் வகுப்புக்கு அனுப்பிவிட்டாராம். அவரில் பிழை இல்லை.

கபிலன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தான், தோடம்பழத்தோடு. சுகம் விசாரித்தான். "அம்மா எப்பிடி?" என்றான். திருத்தவில்லை. பிறகு விசயத்துக்கு வந்தான். 

"மாத்தறைக்காரர் தங்கடை அளவை அனுப்பிட்டினம். ஆறு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலை. அருமையா வருது. எங்கடை பக்கத்துக்குப் பூச்சியம் எண்டு போட்டு அனுப்பும்." 
"நான் அளக்கேல்லையே." 
"அளந்தாலும் பூச்சியம்தானே வரும். வேறை என்ன வரப்போகுது?" 
"வந்திருக்கும். ஆனா நான் பார்க்கேல்லை." 
"படகிலை பார்த்தனான் எண்டு நேற்று போனிலை சொன்னனீர்." 
"அது ஆடிச்சுது."

பழப் பையை மற்றக் கைக்கு மாற்றினான். கெட்டவன் இல்லை. ஒரு வருடமாக இதற்கு ஓடித் திரிந்தவன். கண் சிவந்திருந்தது. 

"ஒரு சொல்லுத்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?" 
"உமக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் அதைப் போட மாட்டன் கபிலன்."

தோடம்பழப் பையை என் கையில் வைத்துவிட்டுப் போனான். எல்லோரும் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் நானே எழுதினேன்: நெடுந்தீவில் அளவு எடுக்கப்படவில்லை. என் வீட்டில் அவசரம். மன்னிக்கவும்.

மாத்தறைப் பக்கம் பொறுப்பான நதீஷாவிடமிருந்து பதில், போனே மொழிபெயர்த்த தமிழில்: "பரவாயில்லை. சித்திரையில் சூரியன் மீண்டும் வரும். உங்கள் தாய் சுகமாக உள்ளாரா?"

என் அம்மா இறந்துவிட்டார் என்று எழுதினேன். அழித்தேன். சுகம் என்று அனுப்பினேன்.

ரீச்சரிடம் சொன்னேன், பூச்சியம் விசயத்தை மட்டும். சத்தம் போடாமல் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "ஒன்பதாம் வகுப்பிலை விடையைப் பார்த்து எழுதிப்போட்டு, பேந்து என்னட்டை வந்து அழுதனீர். ஞாபகமோ?" 
இல்லை என்றேன். ஞாபகம் இருந்தது.


ஆகஸ்ட் 31, ஞாயிறு

காற்றுக் குறைந்து முதல் படகு. அப்பா வந்தார், வெள்ளைச் சேட், முகம் வழித்து. ரீச்சரின் கட்டில் பக்கத்தில் போய் நின்று, எங்கே கையை வைப்பதென்று தெரியாமல் கட்டில் கம்பியில் வைத்தார். ரீச்சர் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தார். நான் வெளியே வந்துவிட்டேன். பொறாமையா என்று யோசித்தேன். கொஞ்சம்.

டொக்டர் சொன்னது: நாளைக்கு விடலாம், ஆனால் தீவுக்குத் திரும்பக் கூடாது. பிள்ளை பிறக்கும்வரை ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்க வேண்டும். பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. 

விறாந்தையில் அப்பாவும் நானும். ரீச்சரின் அக்கா வவுனியாவில், தூரம். ஊர்காவற்றுறையில் அப்பாவின் சித்தப்பா மகன் வீடு இருக்கிறது, ஆனால் அவர்கள் இந்தக் கலியாணத்துக்கு வரவில்லை. 

"கேட்டுப் பார்க்கலாம்" என்றார் அப்பா, தரையைப் பார்த்து. 
"கேக்க வேண்டாம். என்ரை அறையிலை இருக்கட்டும்."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு நேரே பார்த்தது இப்போதுதான் என்று நினைக்கிறேன். 

"உன்னட்டை நான் சொல்லியிருக்க வேணும்" என்றார். 
"ஓம். சொல்லியிருக்க வேணும்." 
அது சரியாகிவிட்டது என்று இல்லை. ஆனாலும் சொன்னார்.

ரீச்சர் மறுத்தார். "உமக்குச் சோதினை வருது." 
"வரட்டும்." 
"நீர் சுத்தித் திரியிற ஆள். நான் முழு நாளும் படுத்திருப்பன். உமக்கு விசர் வரும்." 
"வந்தா வெளியிலை நடந்திட்டு வாறன்."

பின்னேரம் வீட்டுக்கார அன்ரியிடம். நல்ல காலம், என் அறை கீழேதான். எத்தனை மாதம், ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் கேட்டா. 

"பேந்து குழந்தையும் இஞ்சைதான் அழுமோ?" 
"தெரியாது அன்ரி." 
"அழும். அழாமல் என்ன செய்யும்?" 

உள்ளே போய் ஒரு மடக்குக் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்தா. ஒரு பக்க நாடா அறுந்திருக்கிறது. கட்டினேன். இரண்டு கட்டிலும் போட்டால் கதவு பாதிதான் திறக்கிறது. ரீச்சர் அந்த வழியால் நுழைய ஏலாது.

மேசையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டேன். இப்போது கதவு முழுக்கத் திறக்கிறது. நிலத்தில் இருந்து எழுதுகிறேன், முழங்காலில் வைத்து. நாளை பத்து மணிக்கு ரீச்சரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.