நான் எழுதிய மழை

14 ஜூன் 1994, செவ்வாய்

அஃப்ஷீனிடமிருந்து கடிதம். இன்லேண்டின் மடிப்பு ஓரங்களில்கூட இடம் விடாமல் எழுதியிருக்கிறாள். டெல்லியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தெரு முழுக்க நடைபாதையில் பழைய புத்தகங்களைப் பரப்பி வைப்பார்களாம். மூன்று மணி நேரம் குனிந்தபடியே நடந்து இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். இதை ஒரு குறையாகச் சொல்கிறாள். கூட இருக்கும் பெண் நாடகத்துக்குக் கூட்டிப்போனாளாம். ஒன்பது மணிக்குத் திரும்பியபோது எங்கே போனாய் என்று யாருமே கேட்கவில்லையாம்.

யாருமே கேட்கவில்லை. அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

இரண்டு வருடம் மயில்சாமியண்ணன் அச்சகத்தில் எனக்கு எதிர் நாற்காலியில் இருந்தவள். கையெழுத்துப் பிரதியைக் கமா, ஃபுல்ஸ்டாப்போடு அவள் உரக்கப் படிப்பாள். நான் புரூஃபில் பென்சிலை ஓட்டித் திருத்துவேன். இப்போது வாசிக்க ஆளில்லை. ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி நானே பார்த்துக்கொள்கிறேன். போன வருடம் டெல்லிப் பதிப்பகத்தின் தமிழ்ப் பிரிவுக்குப் பரீட்சை எழுத இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். ஒரே இடம். அவளுக்குக் கிடைத்தது. பட்டியலில் நான் இரண்டாவது.

கல்லூரியில் மூன்று வருடமும் நான்தான் முதல். இதை எழுத இந்த நோட்டை விட்டால் வேறு இடம் இல்லை.

19 ஜூன், ஞாயிறு

ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இந்தப் பக்கம் கோவை, அந்தப் பக்கம் டெல்லி. டெல்லி கீழ்வரைக்கும் நிரம்பிவிட்டது. கோவைக்கு வெகுநேரம் யோசித்து, சிறுவாணித் தண்ணீர் என்று எழுதினேன். அடுத்தது யோசிப்பதற்குள் அம்மா தேங்காய் துருவக் கூப்பிட்டாள்.

பிறகு பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன இருக்கிறது எழுத? பாலக்காட்டுக் காற்று புழுதியை வாரி அடிக்கிறது. மேகமெல்லாம் மேற்கே மலையோடு நின்றுகொள்கிறது. எட்டரை மணி பஸ், அச்சகம், ஆறு மணி பஸ், வீடு. அதையா எழுதுவது?

"இங்கே மழை" என்று ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு பேனா தானாகப் போயிற்று. காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிடித்துக்கொண்டது என்றும், குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நனைந்தே நடந்தேன் என்றும், மயில்சாமியண்ணன் எல்லோருக்கும் டீயும் பன்னும் வரவழைத்தார் என்றும், தகரக் கூரைமேல் விழுந்த சத்தத்தில் கமா எது ஃபுல்ஸ்டாப் எது என்றே கேட்கவில்லை என்றும்.

ஒரு சொட்டு பெய்யவில்லை. அங்கே நாற்பத்தைந்து டிகிரியாம். உட்கார்ந்து படிக்கட்டும்.

ஒட்டும்போது நாக்கில் கோந்து கசந்தது.

3 ஜூலை, ஞாயிறு

பதில் இல்லை. மழையும் இல்லை.

22 ஜூலை, வெள்ளி

டெல்லியிலிருந்து டைப் அடித்த கடிதம். தமிழ்ப் பிரிவில் செப்டம்பர் முதல் ஓர் இடம் காலியாகிறது, பட்டியலில் அடுத்த பெயர் உங்களுடையது, சம்மதமா என்று ஆகஸ்ட் இருபதுக்குள் தெரிவிக்கவும்.

மூன்று பேர் இருக்கும் பிரிவு என்று அஃப்ஷீன் எழுதியிருந்தாள். யாராவது ஓய்வு பெறுகிறார்கள் போலிருக்கிறது. அவள் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

வீட்டில் பெரிய சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். அம்மாதான் ஆரம்பித்தாள், அந்த ஊர்க் குளிர் எலும்புக்குள்ளேயே போய்விடுமாம் என்று. அப்பா கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "அந்த அஃப்ஷீன் புள்ள போகலியா? அவுங்க ஊட்டுல அனுப்புனாங்கல்ல. இவ போனா மட்டும் என்னாயிரப் போகுது?"

அவ்வளவுதான். இத்தனை வருடமாக நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாதங்கள் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. எனக்குக் கிடைத்த அனுமதியும் அவள் வாங்கி வைத்துவிட்டுப் போனதுதான்.

2 ஆகஸ்ட், செவ்வாய்

அஃப்ஷீனின் அண்ணன் முஜீப், உக்கடத்தில் அவர் வைத்திருக்கும் ஆணிக் கடைக்கு பில் புக் அடிக்க வந்தார். என்னைப் பார்த்ததும், "ஏனுங்க, சந்தோஷம்தானுங்களா? ஒங்க சினேகிதி வேலைய எழுதிக் குடுத்துப்போட்டு வாராளுங்க. நாளன்னைக்கு வந்துருவா" என்றார்.

காலியாகிற இடம் அவளுடையது!

மயில்சாமியண்ணனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "வரட்டும்ங்க. அந்தப் புள்ள படிச்சா கமாகூட காதுல உழுகும்ங்க" என்றார். இரண்டு வருடம் அந்தக் கமாவையெல்லாம் சரியான இடத்தில் போட்ட நான் இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன்.

முஜீப் சிரித்துக்கொண்டே நிறையச் சொன்னார். எதைப் பேசினாலும் அஃப்ஷீனுக்கு நம் ஊர் 'ங்க' தானாக ஒட்டிக்கொள்கிறதாம். காய்கறிக்காரனை இந்தியில் அண்ணா என்று கூப்பிடப்போய் 'பையாங்க' என்றிருக்கிறாள். மேலதிகாரியிடம் ஆமாம் என்பதற்கு 'ஹாங் ஜீங்க' என்றிருக்கிறாள். ஆபீஸே அவளை 'ங்க மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதாம். பேரைக் கேட்டதும் எல்லோரும் உருதுவில் பேசுவார்களாம்; கோட்டைமேட்டில் பிறந்து தமிழைத் தவிர எதுவும் தெரியாது என்றால் நம்ப மாட்டார்களாம். மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

எனக்கு வந்த பதினோரு கடிதத்தில் இதெல்லாம் ஒரு வரிகூட இல்லை.

கிளம்பும்போது முஜீப் சொன்னார்: "ஒங்க கடுதாசிதானுங்க கடைசில கூட்டியாந்தது. ஏதோ மழையப் பத்தி எழுதியிருந்தீங்களாமா. அதப் படிச்சதுல இருந்து இருப்புக் கொள்ளலீன்னு சொன்னாளுங்க."

பென்சில் முனை உடைந்துவிட்டது. சீவிக்கொண்டே இருந்தேன்.

7 ஆகஸ்ட், ஞாயிறு

வந்தாள். மெலிந்திருக்கிறாள். தலைமுடியைத் தோளளவுக்கு வெட்டியிருக்கிறாள், அது அவளுக்கு நன்றாகவும் இருக்கிறது. அம்மா அவளுக்கு வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுப் போட்டாள். நான் கேட்டால் எண்ணெய் இல்லை என்பாள்.

இன்னும் முழுதாக முடிந்துவிடவில்லையாம். பதினாறாம் தேதிக்குள் மனசு மாறினால் ஒரு தந்தி கொடு, உன் இடம் உனக்குத்தான் என்று பிரிவுத் தலைவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். "பாதி மனசு அங்கதான் இருக்குது" என்றாள். எனக்கு வந்த கடிதத்தைக் காட்டினேன். சந்தோஷப்பட்டாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள்: "நெசமாலுமே குடைய மடக்கிப்போட்டு நனைஞ்சயா புள்ள?"

"ஆமா."

11 ஆகஸ்ட், வியாழன்

பழகிக்கொள்கிறேன் என்று தினமும் அச்சகத்துக்கு வந்துவிடுகிறாள். இன்று தென்னை வளர்ப்புப் புத்தகம். பழையபடி அவள் வாசித்தாள், நான் திருத்தினேன். "காண்டாமிருக வண்டு கமா சிவப்புக் கூன்வண்டு கமா கருந்தலைப் புழு ஃபுல்ஸ்டாப்." மயில்சாமியண்ணன் கேஷ் மேஜையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், ஏதோ கச்சேரி மாதிரி.

பாதியில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மழை பெய்யவில்லை அஃப்ஷீன். மூன்று வார்த்தை. சொன்னால் என்ன ஆகும்? பாதி மனசு முழு மனசாகும். தந்தி ஆபீசுக்குப் போவாள். எனக்கு வந்த டெல்லிக் கடிதம் செல்லாத காகிதமாகிவிடும்.

சொல்லாவிட்டால்? பெய்யாத ஒரு மழைக்காக அவள் டெல்லியை விட்டுவிட்டு வந்திருப்பாள். நான் போய் அவள் நாற்காலியில் உட்காருவேன்.

ஆனா நான் என்ன பண்ணுனேன்? ஒரு கடுதாசி. அவ எழுதலியா பதினொண்ணு? நாடகம், புத்தகம், அது இதுன்னு? அதப் படிச்சு நான் எத்தனை நாளு தூங்காமக் கெடந்தேன்னு ஆராச்சும் கேட்டாங்களா? பரீட்சையிலயும் அவதான், அப்பன்கிட்டப் பேரு வாங்கறதும் அவதான், கச்சாயமும் அவளுக்குத்தான் – இப்ப ஊரும் வேணும், டெல்லியும் வேணுமா?

திரும்பப் படித்துப் பார்த்தேன். அசிங்கமாக இருக்கிறது. கோடு போட்டு அடிக்கப்போவதில்லை, இருக்கட்டும்.

16 ஆகஸ்ட், செவ்வாய்

அவள் தந்தி கொடுக்கவில்லை. நான் சொல்லவில்லை.

17 ஆகஸ்ட், புதன்

சம்மதக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீதை இந்தப் பக்கத்தில் செருகியிருக்கிறேன்.

28 ஆகஸ்ட், ஞாயிறு – ரயிலில்

எழுத்து ஆடுகிறது.

ஸ்டேஷனுக்கு அப்பா, அம்மா, அஃப்ஷீன் மூன்று பேரும் வந்தார்கள். அப்பா தண்ணீர்க் குடத்தைப் பெஞ்சுக்கடியில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்; சிறுவாணித் தண்ணீர், டெல்லிவரைக்கும் போதுமாம். அம்மா எதிர் சீட்டுப் பெண்ணிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தாள். அஃப்ஷீன் மட்டும் வெளியே ஜன்னலோரம். சிக்னல் விழுந்த பிறகு சொன்னேன், மழை பெய்யவில்லை என்று. அவ்வளவு நேரம் கழித்து. இனி எதுவும் மாறாது என்று ஆன பிறகு.

"தெரியும் புள்ள" என்றாள். "ஒன்ற கடுதாசி வந்த அன்னைக்கே போன் பூத்துக்குப் போயி அண்ணனுக்குப் பேசினேன். மழையான்னு கேட்டா, காத்துதான், மண்ண வாரிக் கொட்டுதுங்கறான்."

தெரிந்துமா வந்தாய் என்று கேட்டேன்.

"மழை பொய்யி. டீயும் பன்னும் பொய்யில்லையே. அந்த மேசை பொய்யில்லையே. தெனமும் எடுத்துப் படிச்சேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பதினாறாந் தேதி வரைக்கும் நீயாச் சொல்லுவயான்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பாயா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அப்பாவும் அம்மாவும் இறங்கிவிட்டார்கள், வண்டி நகர்ந்தது. "போயிட்டு வாரேன்" என்றுதான் வாயில் வந்தது. "வா" என்றாள்.

கோவை தாண்டி மூன்று மணி நேரம் ஆயிற்று. இங்கேதான் மழை கொட்டுகிறது. எல்லோரும் ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

20 நவம்பர், ஞாயிறு – டெல்லி

அஃப்ஷீனிடமிருந்து கடிதம். காந்திபுரத்தில் முழங்கால் தண்ணீராம். "இது நிஜ மழை. வேண்டுமானால் அண்ணனைக் கேட்டுப் பார்" என்று எழுதியிருக்கிறாள். புதிதாக ஒரு பெண் வாசிக்க வந்திருக்கிறாளாம்; நான் இருந்த நாற்காலியில் இப்போது அஃப்ஷீன். பென்சில் அவள் கையில். இவ்வளவு சுத்தமாக யாரும் திருத்தியதில்லை என்று மயில்சாமியண்ணன் சொன்னாராம்.

யாரும் திருத்தியதில்லையாம்.

இங்கே நேற்று காய்கறி வண்டிக்காரனைக் கூப்பிட்டேன். "பையாங்க." வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது. பின்னால் நின்ற ஆபீஸ் பெண் கையைத் தட்டிச் சிரித்தாள். நாளைக் காலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். 'ங்க மேடம்' என்ற பேரும்கூட எனக்கு முன்பே ஒருத்தி வைத்திருந்ததுதான்.

இன்று காலையிலிருந்து அறையை விட்டு வெளியே போகவில்லை. தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கோடு போட்ட அந்தப் பழைய பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். கோவைப் பக்கத்தில் இப்போது இடம் போதாது.

பிறகு பதில் எழுதினேன். காலையில் அந்தப் பழைய புத்தகத் தெருவுக்குப் போனேன் என்றும், மூன்று மணி நேரம் குனிந்தே நடந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றும், ஒன்பது மணிக்குத் திரும்பியபோது எங்கே போனாய் என்று யாருமே கேட்கவில்லை என்றும்.

இதைக் கேட்டுப் பார்க்க அவளுக்கு இந்த ஊரில் அண்ணன் இல்லை. ஆனாலும் இது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

கோந்து இங்கேயும் அதே கசப்பு.