ஆபீஸ் கவுண்டர்களை மூடச் சொன்ன உன் அப்பா

அன்பு மகன் தவிசாய்க்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகமாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் நாட்டில் தடுமன் காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்று காலையில் பிக்குகளுக்குச் சோறு போடும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். பாக்சேயில் உன் அக்காவுக்கு இது எட்டாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது, புளி மாங்காய் கேட்டு மாப்பிள்ளையை விரட்டி எடுக்கிறாள். மழை இந்த முறை முன்னாலேயே பிடித்துக்கொண்டது, கொல்லையில் பப்பாளி மரம் சாய்ந்து, காயையெல்லாம் மிளகாயோடு இடித்துத் தின்றே தீர்த்தோம். கொரியாவுக்குத் தோட்ட வேலைக்கு வருகிற மாலி என்கிற நம் ஊர்ப் பெண்ணிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், இது சரிம்மா என்று வைத்துவிடுகிற விஷயம் இல்லை. உன் அப்பா தன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று பூன்லெர்ட்டின் மகன் அங்கே உன்னிடம் சொன்னதும், அன்றையிலிருந்து நீ அவரோடு பேசாமல் இருப்பதும் எனக்குத் தெரியும். நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். படித்துவிட்டு அப்புறம் உன் மனசுக்குப் பட்டதைச் செய்.

நம் வீட்டில் அடுப்பு எரிந்ததே தாய்லாந்து எல்லையில் லாரிகள் நகராமல் கிடந்ததால்தான், அது உனக்கும் தெரிந்ததுதான். உன் அப்பாவும் பூன்லெர்ட்டும் மற்ற ஏஜென்டுகளும் அடுத்தவர் சரக்குக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு இந்த ஆபீஸ் கவுண்டருக்கும் அந்தக் கவுண்டருக்கும் ஓடுவார்கள், பாக்சேயில் ஒரு கையெழுத்து, இங்கே ஒரு முத்திரை, மறுபடி பாக்சே. டிரைவர்கள் வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்து என் கடைக்கு வந்து நூடுல்ஸ் சூப் குடிப்பார்கள். அப்படித்தான் உன்னையும் அக்காவையும் படிக்க வைத்தோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் போன புத்தாண்டுக்கு முன்னால் பாக்சோங் மலையிலிருந்து தோங்வான் என்று ஒரு பெண் வந்தாள், புருஷன் இல்லாதவள், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் வாங்கிச் சேர்த்து ஒரு லாரி முட்டைக்கோஸ், தாய்லாந்துப் பக்கம் உபோன் சந்தைக்கு. அவளுடைய வேலையை உன் அப்பாதான் எடுத்திருந்தார். எல்லா முத்திரையும் வாங்கிவிட்டார், பாக்சேயில் ஒரே ஒரு கையெழுத்து பாக்கி, அதைப் போட வேண்டியவர் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார், அவருக்குப் பதில் போட வேறு யாருக்கும் அதிகாரம் இல்லை. லாரி என் கடைக்கு எதிரிலேயே வெயிலில் நின்றது. தினமும் காலையில் அவள் மேலே ஏறி அழுகின மேல் இலைகளை உரித்துப் போடுவாள். புத்தாண்டு என்று ஊரெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தது, இவள் இலை உரித்துக்கொண்டிருந்தாள். உரிக்க உரிக்க கோஸ் சின்னதாகிக்கொண்டே வந்தது, கடைசியில் கைக்குள் அடங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. அழவில்லை, யாரையும் திட்டவில்லை. மிச்சத்தை ஒரு கூடையில் போட்டு என் கடைக்குக் கொண்டுவந்து வைத்தாள். "இதையாவது சூப்புல போடுங்கக்கா, யாரோ சாப்பிட்டாங்கன்னாவது இருக்கட்டும்" என்றாள். உன் அப்பா அப்போது கடையில்தான் உட்கார்ந்திருந்தார். நான் அந்தக் கோஸைப் போட்டு சூப் வைத்தேன், டிரைவர்கள் நன்றாக இருக்கிறது என்று குடித்தார்கள். அவர் மட்டும் கிண்ணத்தைத் தொடவில்லை.

பண்டிகை முடிந்து கொஞ்ச நாளில் எல்லைச் சாவடிக்குப் புது மேலதிகாரியாக பைலின் என்கிற பெண் வந்தாள். உன் அக்காவைவிட நாலைந்து வயது கூட இருக்கும், கண்ணாடி போட்டிருப்பாள், அதிர்ந்து பேசமாட்டாள். வந்த வாரமே மலையிலிருந்து வருகிற ஒரு காய்கறி லாரியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து எல்லா ஆபீசுக்கும் தானே போய்வந்தாள். யார் என்பதை மறைக்கவெல்லாம் இல்லை, நான்தான் அதிகாரி, உங்கள் வேலையை எப்போதும் போல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாளாம். அவளுக்கே அந்தப் பயணம் முடிவதற்குள் இருட்டிவிட்டது. இறங்கி நேரே என் கடைக்கு வந்து சூப் கேட்டு வாங்கிக் குடித்தாள். அதற்கப்புறம்தான் பேச்சு கிளம்பியது, கவுண்டர்களையெல்லாம் ஒன்றாக்கப் போகிறார்கள், எல்லா இலாகாவும் ஒரே அறையில் உட்காருமாம், காகிதத்தை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் அனுப்பிவிட்டால் போதுமாம், சந்தேகப்பட்ட லாரியை மட்டும்தான் திறந்து பார்ப்பார்களாம் என்று. ஏஜென்டுகள் எல்லாரும் நம் வீட்டில் கூடினார்கள். எதிர்த்து ஒரு மனு எழுதலாம், அண்ணன் முன்னே நின்று பேசட்டும், அண்ணன் பேசினால் அந்தப் பெண் கேட்பாள் என்று பூன்லெர்ட் சொன்னான். ஒளிப்பானேன், நானும் அவன் பக்கம்தான். அவர்கள் போனதும் உன் அப்பாவிடம், "லாரி நிக்கலேன்னா நான் யாருக்குங்க அடுப்பு மூட்டுறது?" என்று கேட்டேன். அவர் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு நானும் போனேன், எல்லாருக்கும் காப்பி கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். பைலின் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தலைநகரத்திலிருந்து கேட்கிறார்கள், நான் சொன்னால் புதிதாக வந்தவள் என்பார்கள், இங்கேயே இருக்கிறவர்கள் சொன்னால்தான் எடுபடும் என்று உள்ளதைச் சொன்னாள். அப்புறம், நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிற காகிதங்களில் யாருமே படிக்காதது எது என்று கேட்டாள். பூன்லெர்ட்தான், "எல்லாத்தையும் படிக்கிறாங்கம்மா, அதனாலதான் இவ்வளவு நேரமாகுது" என்றான், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டாள். அப்போது உன் அப்பா எழுந்தார். மனுவைத்தான் நீட்டப் போகிறார் என்று பூன்லெர்ட் நாற்காலியை ஒதுக்கி வழி விட்டான்.

"நான் சொல்றேம்மா. என் பேரை வெளியில சொல்லாதீங்கன்னு கேக்க மாட்டேன். இவங்க எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடறேன், அதான் மரியாதை" என்றார். சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக ஆரம்பித்தார். ஒரு கவுண்டரில் குத்தின முத்திரையைப் பார்த்து அடுத்த கவுண்டரில் முத்திரை குத்துகிறார்கள், அது எதற்கு என்றார். ஒரே விவரத்தை நாலு இடத்தில் நாலு விதமாக எழுதுகிறோம், அது எதற்கு என்றார். கூடை அளவு சரக்கு கொண்டுபோகிறவளுக்கும் லாரி லாரியாக அனுப்புகிறவனுக்கும் ஒரே காகிதமா என்றார். கடைசியில் பூச்சி இல்லை என்று வாங்குகிற சான்றையும் எடுத்துவிடுங்கள் என்று சொன்னபோதுதான் பைலின் இல்லை என்று தலையாட்டினாள். "அது மட்டும் முடியாதுண்ணே. நம்ம கோஸ்ல ஒரு தடவை பூச்சி போச்சுன்னா அவங்க அந்தப் பக்கம் கதவையே சாத்திடுவாங்க. சான்று இருக்கட்டும். ஆனா கொடுக்கறவரை பாக்சேலேர்ந்து கூட்டிட்டு வந்து இங்க உக்கார வைக்கிறேன்" என்றாள். அவர் யோசித்துப் பார்த்து, நீங்கள் சொல்வதுதான் சரி என்று அத்தனை பேர் முன்னாலும் ஒத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பெண்ணையும் பிடித்தது, இவரையும் பிடித்தது, காப்பிக் கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வெளியே வந்ததும் பூன்லெர்ட் வழிமறித்து, "உங்க கையாலேயே எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்களே அண்ணே" என்றான். உன் அப்பா, "என் சோறும் அதே தட்டுலதான்டா இருந்துது" என்றார். நீ கேள்விப்பட்டது இதன் முதல் பாதியை மட்டும்தான்.

அதற்கப்புறம் நாங்கள் பட்டதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதினவளாவேன். கோயில் திருவிழாவில் நம் பாய்க்குப் பக்கத்தில் விரித்திருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். கடைக்கு ஏஜென்டுகள் வருவது நின்றது. பைலின் நம் வீட்டுக்கே வந்து, புது அறையில் முதன்முதலாக வருகிறவர்களுக்குக் காகிதம் நிரப்பிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், நீங்கள் வாருங்கள் என்று கேட்டாள். சம்பள வேலை, நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை, எனக்கு ஆசைதான். இவர் கும்பிட்டு மறுத்துவிட்டார். அதை வாங்கிக்கொண்டால் அன்றைக்கு நான் பேசினது வேலைக்காகப் பேசினதாகிவிடும், பூன்லெர்ட்டின் மச்சான் சும்மா இருக்கிறான், நல்ல கையெழுத்து, அவனைப் போடுங்கள் என்றார். அவனைத்தான் போட்டாள். இதை பூன்லெர்ட்டின் மகன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான், அவனுக்கே தெரியாமல் இருக்கலாம், அவன்மேல் கோபப்படாதே.

புது அறை திறந்த அன்று தோங்வானின் லாரி வந்தது. மறுபடி கோஸ்தான் போட்டிருந்தாள், அந்தத் தைரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. நான் அடுப்பில் உலை வைத்தேன், அது கொதிப்பதற்குள் லாரி கிளம்பிவிட்டது. டிரைவர் ஜன்னல் வழியே கையாட்டினான், சூப் குடிக்க அவனுக்கு நேரமில்லை. தோங்வான் தலையை வெளியே நீட்டி, "அக்கா, இலை உரிக்கல" என்று கத்திக்கொண்டே போனாள். உன் அப்பா சாலையோரத்தில் வெறுங்கையோடு நின்று லாரி வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்தார். மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கல்யாணமானதிலிருந்து வேலை நாளில் அவர் மத்தியானம் வீட்டில் சாப்பிட்டதில்லை, எங்கே உட்காருவதென்று தெரியாமல் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தார், பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இப்போது அவர் மலைக்குப் போய்ச் சின்னத் தோட்டக்காரர்களின் சரக்கைச் சேர்த்து ஒரே லாரியாக்கி அனுப்புகிற வேலையில் தோங்வானோடு சேர்ந்திருக்கிறார். முன்போல் வரும்படி இல்லை. என் கடையை அவர்கள் சரக்கேற்றுகிற கொட்டகைப் பக்கம் மாற்றிக்கொண்டேன், டிரைவர்களைவிட தோட்டக்காரர்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், பேரம்தான் தாங்கவில்லை. ஏஜென்டுகளில் இரண்டு பேருக்கு இன்னும் சரியாக வேலை அமையவில்லை, அந்த வீடுகளை நினைத்து உன் அப்பா கவலைப்படுவது எனக்கு மட்டும்தான் தெரியும். போன வாரம் பூன்லெர்ட் என் கடைக்கு வந்தான். உன் அப்பா அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "அக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, நான் சொந்தமா ஒரு வண்டி வாழைக்காய் ஏத்திக்கிட்டுப் போனேன். வாங்கின காப்பி ஆறலை, அந்தப் பக்கம் போய்ட்டேன். என்னைத் திட்டக்கூட ஒரு ஆபீசர் இல்லை" என்றான். உன் அப்பாவுக்குச் சிரிப்பு வந்து சூப் மூக்கில் ஏறிவிட்டது. பூன்லெர்ட் தண்ணீரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தான். இரண்டு பேரும் நேராக இன்னும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் அவன் இரண்டாவது கிண்ணமும் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனான்.

இதோடு வெள்ளை நூல் வைத்திருக்கிறேன், பெரிய பிக்கு ஓதிக் கொடுத்தது. அங்கே நம் ஊர்ப் பெரியவர் யாராவது இருந்தால் மணிக்கட்டில் கட்டச் சொல், உடம்பைக் காக்கிற உன் முப்பத்திரண்டு உயிரும் உன்னைவிட்டு அலையாமல் உன்னிடமே தங்கட்டும், போகிற வழியெல்லாம் உனக்குத் திறந்திருக்கட்டும், நல்ல பெண்ணாகக் கிடைக்கட்டும். கையுறை இல்லாமல் குளிரில் காய் பறிக்காதே, வெந்நீர் குடி, மாலிக்கு ஊர் பழகுகிற வரைக்கும் கூட இருந்து பார்த்துக்கொள். அடுத்த முறை கூப்பிடும்போது அப்பாவிடம் கொடும்மா என்று ஒரு வார்த்தை சொல். அவராகக் கேட்க மாட்டார். உன் போன் வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறார், நீ அவரைக் கேட்கிறாயா இல்லையா என்பது தன் காதில் விழ வேண்டாம் என்று.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பூவான்